நீளமான தந்தி

“...அப்ப மூண்டு நாளா எனக்காகவோ வைச்சிருந்தனீங்கள்? ஏன் தம்பி, ஊருக்கை பெரியாக்கள் ஒருத்தரும் இல்லையோ? நெருப்பு வைக்க நீர் இருக்கிறீர் எண்ட துணிவிலைதானே நான் அங்கை...” என்று அக்காவின் புருசன், என் அத்தான், சொல்லிக்கொண்டே போனார். ஒரு கால் வாசல் படலைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே ஒழுங்கையில். ஒரு கையில் சாக்குப் பை, மற்றக் கையில் கடதாசியில் சுற்றி நூலால் கட்டிய பெரிய பொட்டலம். முற்றத்தில் அப்போதுதான் பந்தலுக்குக் கால் நடக் கிடங்கு கிண்டத் தொடங்கியிருந்தார்கள். அதைக் கண்டுதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது.

அவர் கேட்டதற்குப் பதில் ஒரே வசனம்தான். ஆனால் அந்த ஒரு வசனம் எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்லப் போனால், அட்டையில்லாத ஒரு புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில், நாரந்தனையில், நாங்கள் இருந்தது அக்காவின் சீதன வீடு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நானும் அங்கேதான். அத்தானுக்குத் தெற்கே ஒரு கடற்கரைப் பட்டணத்தில் பங்குக் கடை. கோயில் திருவிழாவுக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு தரம், ஆண்டில் இரண்டு முறை ஊருக்கு வருவார். பிள்ளைகள் இல்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, அக்காவுக்கு முப்பது. நான் புகையிலைத் தோட்டம் செய்துகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். என்றாலும் இங்கிலீசில் ஒரு கிறுக்கு. இனிச் சிங்களம் மட்டும்தான் என்று கொழும்பில் சட்டம் வந்து நாலைந்து வருடம் போயிருந்தது. இருந்த உத்தியோகத்தர்களே இங்கிலீசை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. எதிர்வீட்டு மாமி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னா: “நாடே அதைப் படலைக்கு வெளியிலை தள்ளுது. நீயும் அக்காவும் வேலிப் பொட்டுக்குள்ளாலை உள்ளுக்கு இழுக்கிறியள்.”

புத்தகம் வந்த கதை இது. கரம்பொன்னில் ஒரு கடையில் மல்லி வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு தடித்த புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்துச் சுருள் செய்து மல்லியைக் கொட்டினார். பார்த்தால் இங்கிலீசு இலக்கணம். யாரோ காலஞ்சென்ற கிளாக்கர் வீட்டிலிருந்து பழைய கடதாசியோடு நிறுவையில் வந்ததாம். கெஞ்சி மிச்சத்தை வாங்கிக்கொண்டேன். முதல் அறுபது எழுபது பக்கம் போய்விட்டிருந்தது. பெயர்ச்சொல், அதன் ஒருமை பன்மை எல்லாம் ஊர்க் குசினிகளில் மல்லியோடும் வெந்தயத்தோடும் முடிந்துபோயின. எனக்கு மிஞ்சிய புத்தகத்தின் முதல் பக்கம், மெயின் வேர்ப் என்றால் என்ன, ஹெல்ப்பிங் வேர்ப் என்கிற துணைவினை என்றால் என்ன என்ற பாடம். ஆகவே இன்றுவரைக்கும் என் இங்கிலீசுக்குத் தலை இல்லை. இடுப்பிலிருந்து தொடங்குகிற இங்கிலீசு.

வாத்தியார் கிடையாது. பின்னேரங்களில் குசினி வாசலில் இருந்து சத்தமாக வாசிப்பேன். அக்கா திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டு கேட்பா. முதலில் பகிடிக்குத்தான் கேட்டா.

“துணைவினையோ? அது என்ன செய்யும்?”

“தனிய ஒண்டும் செய்யாது. இஸ், வாஸ், ஹாஸ், வில், மஸ்ட். பக்கத்திலை மெயின் ஒண்டு நிக்கவேணும்.”

“ஒண்டும் செய்யாமல் பக்கத்திலை நிக்கிறதுக்கும் பேரோ? அப்ப கலியாண வீட்டிலை வெத்திலைத் தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற உன்னைப் போலை எண்டு சொல்லு.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ‘கம்’ என்றால் வருகிற காரியம் மட்டும்தான், அது இப்போது நடக்கிறதா, நேற்று நடந்ததா, இனி நடக்குமா, நடந்தே ஆக வேண்டுமா என்பதெல்லாம் அந்தத் துணைக்குத்தான் தெரியும் என்று விளக்கினேன். தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது.

“அப்பிடிச் சொல்லு. துலா மிதிக்கிறவன் மாதிரி. கீழை நிண்டு பட்டை பிடிக்கிறவன்தான் இறைக்கிறான் எண்டு எல்லாரும் அவனைப் பாக்கினம். மேலை துலாவிலை நடக்கிறவன் முன்னுக்குப் போனால் பட்டை கிணத்துக்கை போகுது, பின்னுக்கு வந்தால் தண்ணி மேலை வருது. தண்ணி எப்ப வரும் எண்டு அவனைத்தான் கேக்கவேணும்.”

அதற்குப் பிறகு எத்தனையோ விளக்கம் வாசித்துவிட்டேன். எனக்கு இன்றைக்கும் துலாவும் அதில் கைபிடியாமல் நடக்கிற ஆளும்தான் கண்ணுக்குள் வருகிறது.

அன்றிலிருந்து அவவும் சேர்ந்துகொண்டா. என்னைவிட வேகம். நான் எழுதிப் பாடமாக்குவேன், அவ சட்டிபானையோடு கதைத்துப் பாடமாக்குவா. “ரைஸ் இஸ் பொயிலிங். கறி ஹாஸ் பேர்ன்ட். மை பிரதர் மஸ்ட் ஈட்.” எங்கள் பேச்சில் துணை கடைசியில்தான் வரும்: வந்துகொண்டிருக்கிறார், போய்விட்டார். இங்கிலீசில் துணை முன்னால் வருகிறது. அதிலும் கேள்வி கேட்கிறபோது ஆளையும் முந்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. இது அக்காவுக்குப் பெரிய சந்தோசம். “பாத்தியோ, ஒரு அந்தரம் எண்டவுடனை ஆர் முதல் ஓடி வருகினம் எண்டு?” கோடியில் நாய் குரைத்தாலும் என்னைப் பார்த்துக் கேட்பா, “இஸ் ஹி கமிங்?” திருவிழாவுக்கு அத்தான் வர இன்னும் ஆறு மாதம் கிடக்கும். நானும், “யெஸ், ஹி இஸ் கமிங்” என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

அத்தான் வருகிற விதத்தையும் சொல்ல வேண்டும். நேரே வீட்டுக்குள் வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. படலையைத் திறந்து, அங்கேயே நின்று, குசினிப் பக்கம் பார்த்து, பேர் சொல்லாமல், “இஞ்சாரும்!” என்று ஒரு குரல் வைப்பார். அக்கா உள்ளேயிருந்து, “ஆரது? வழி தவறி வந்தனீங்களோ?” என்பா. கலியாணம் முடித்த வருடத்திலிருந்து இதே கேள்வி, இதே பதில். அதன் பிறகுதான் அவர் நடப்பார். போகும்போதும் அப்படித்தான். படலையில் நின்று “இஞ்சாரும், போட்டு வாறன்” என்பார். அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு படலைவரைக்கும் போவா.

அந்தத் தீபாவளிக்கு வந்தவரைப் பங்காளி இரண்டு நாள் முந்தித் திரும்பச் சொல்லி எழுதியிருந்தார். அக்காவுக்குக் கோபம். வருடத்தில் முப்பது நாள் தருகிற மனுசன், அதிலும் இரண்டைப் பிடுங்குகிறார் என்று. புறப்படுகிற அன்று அவர் படலையில் நின்று மூன்று தரம் கூப்பிட்டார். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தா. அடுப்பில் ஒன்றும் இல்லை. அவர் என்னிடம், “கொக்காவுக்குக் கேக்கேல்லைப் போலை. சொல்லிவிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசியில் அக்காவின் கண் மஞ்சளாயிற்று. செங்கமாரி என்றார்கள். பரிகாரியார் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார். பிறகு யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் இரண்டு கிழமை. அதன் பிறகு, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அத்தானுக்கு எழுத அக்கா விடவில்லை. “கடையைப் போட்டது போட்டபடி ஓடி வருவார், பாவம். வருத்தம் மாறினாப் பிறகு எழுதுவம்.” அடம்பிடித்தால் அடம்தான் அவ.

ஒரு திங்கட்கிழமை காலை, அவவாகவே என்னைக் கூப்பிட்டா. கட்டிலை விறாந்தையில் படலை தெரியப் போட்டிருந்தோம்.

“இனி அவரை வரச்சொல்லு. பிந்தாதை.”

“அக்கா...”

“அழாதை. போனமுறை கேட்டும் கேளாத மாதிரி இருந்திட்டன். மூண்டு தரம் கூப்பிட்டவர். அதை ஒருக்கால் அவரிட்டைச் சொல்லிப்போடவேணும். வேறை ஒண்டும் இல்லை எனக்கு.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனேன்.

இங்கே எங்கள் தீவுகளின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெற்கே கடை வைத்திருந்தவர்கள் வீட்டில் யாரும் இறந்தால், இறந்துவிட்டார் என்று தந்தி அடிக்க மாட்டார்கள். ஒரு மனுசன் அந்தச் சொல்லைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இரவும் பகலும் ரயிலில் தனியே வர முடியுமா? ஆகவே, ‘கடுமை, உடனே புறப்படு’ என்றுதான் போகும். கடையிலிருக்கும் ஊர்க்காரருக்கு அது போதும். கடுமை என்று வந்தால் காரியம் முடிந்தது என்று அவர்கள் அறிவார்கள். தலையில் தண்ணீர் வார்த்து, பெட்டி கட்டி, ஆளை அனுப்பிவைப்பார்கள். இது எனக்கும் தெரியும். தெரிந்தபடியால்தான் பயந்தேன். கடுமை என்று நான் அடித்தால், அக்கா போய்விட்டா என்று அத்தான் நினைப்பார். நான் அப்படி அடிக்கப் போவதில்லை. எனக்கு இங்கிலீசு தெரியும்.

கவுண்டரில் நின்று எழுதினேன். நாலு முழு வசனம். உங்கள் மனைவி உயிரோடு இருக்கிறா. உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறா. நீங்கள் இன்றைக்கே புறப்பட வேண்டும். அவ காத்திருப்பா. இஸ் ஒன்று, இன்னொரு இஸ், மஸ்ட், வில். ஒவ்வொரு துணையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

தபாலதிபர் வயதான மனுசன். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“தம்பி, தந்தியிலை இவ்வளவு பேரை ஆரும் ஏத்திறேல்லை. இந்த இஸ், மஸ்ட் எல்லாம் இறங்கி நடந்து வரட்டும். வைஃப் கடுமை, புறப்படு. நான் கந்தோருக்கு வந்த நாளிலையிருந்து இதைத்தான் அடிக்கிறன்.”

“இல்லை ஐயா. உயிரோடை இருக்கிறா எண்டு அவருக்கு விளங்கவேணும்.”

“விளங்கிறது சொல்லிலையோ கிடக்கு?” என்றார். ஆனால் மறுக்கவில்லை. சொல் எண்ணினார், அனுப்பினார்.

திரும்பி வருகிறபோது, கூச்சத்தோடு சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பிழையில்லாமல் எழுதிவிட்டேன் என்று. அக்கா அந்த நிலையில் கிடக்கிறபோது சைக்கிள் மிதித்துக்கொண்டு அந்த நாலு வசனத்தையும் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. வேறு எதை மறந்தாலும் அந்தப் பெருமை மறக்குதில்லை.

இரவு ரயில் பிடித்தால் செவ்வாய் பின்னேரம் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டோம். செவ்வாய் பின்னேரம் எதிர்வீட்டு மாமி வந்து அக்காவுக்குத் தலை இழுத்துக் கொண்டை போட்டுவிட்டா. “மாப்பிள்ளை வாறார், பொம்பிளை வெளிக்கிடவேணும்” என்று பகிடியும் விட்டா. சந்தியில் பஸ் நிற்கிற சத்தம் எங்கள் விறாந்தைக்குக் கேட்கும். முதல் பஸ் நின்றது.

“இஸ் ஹி கமிங்?” என்றா அக்கா. குரல் மெலிந்து நூலாய்ப் போயிருந்தது. ஆனால் கேள்வி சரி.

“யெஸ் அக்கா. ஹி இஸ் கமிங்.”

ஒழுங்கையில் யாரும் வரவில்லை. கடைசி பஸ்ஸும் போயிற்று.

புதன்கிழமையும் அப்படியே. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அக்கா கண்ணைத் திறந்து படலையைப் பார்ப்பா. நான் ஒழுங்கை முனைவரைக்கும் போய்ப் போய் வந்தேன். பின்னேரம், இஸ் ஹி கமிங் என்று கேட்டபோது, “ஹி வில் கம் அக்கா” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

“நேற்று முழுக்க ‘இஸ்’ஸிலை நிண்டாய். இண்டைக்கு ‘வில்’லுக்குப் போட்டாய்.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ என் கையைத் தேடிப் பிடித்தா. “பறவாயில்லையடா. உனக்கு என்ன தெரியும், பாவம்.” அதற்குப் பிறகு அவ கேட்கவில்லை. பஸ் நிற்கிறபோது மட்டும் அந்தக் கை என் கைக்குள் கொஞ்சம் இறுகும்.

வியாழன் விடிய, எதிர்வீட்டு மாமி கோப்பி கொண்டு வருகிற நேரம், அக்கா போய்விட்டா. கண் படலைப் பக்கமே இருந்தது. மாமிதான் மூடிவிட்டா.

அன்று மத்தியானம்தான் அத்தான் படலையில் வந்து நின்று, அக்காவை எரிக்காமல் மூன்று நாளாகத் தனக்காகவோ வைத்திருந்தோம் என்று கேட்டார்.

“தந்தி எப்ப கிடைச்சது அத்தான்?” எனக்கு அதுதான் கேட்க வந்தது.

“திங்கள் பின்னேரம். எங்கட கடைக் கணக்கப்பிள்ளை, இறுப்பிட்டியார், அவர்தான் வாசிச்சவர். உயிரோடை இருக்கிறா எண்டு போட்டிருக்கு எண்டார். நான் எழும்பிச் சட்டையைக் கொளுவினன். அந்தாள் என்ர தோளைப் பிடிச்சு இருத்திப்போட்டுச் சொல்லுது, ‘உயிரோடை இருக்கிற ஆளை உயிரோடை இருக்கெண்டு ஆர் தந்தி அடிக்கிறது? கடுமை எண்டு வந்திருந்தாலும் ஒரு சொட்டு நம்பிக்கை வைக்கலாம். நாலு வசனத்துக்கு இழுத்திருக்கிறான் பொடியன். உங்களைத் தேற்றப் பாத்திருக்கிறான். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ’ எண்டு. கடையிலை நிண்ட எங்கட ஆக்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லிச்சினம்.”

அவர் மூச்சு வாங்கினார். முகத்தில் மூன்று நாள் தாடி.

“கிணத்தடியிலை இருத்தித் தண்ணி வாத்தினம். எழும்பி நிக்க ஏலாமல் போச்சு எனக்கு. இண்டைக்கு ஓடினாலும் போய்ச் சேர நெருப்பு ஆறியிடும், கொள்ளி வைக்கத் தம்பி இருக்கிறான், எட்டுச் செலவுக்குச் சாமானைப் பாத்துக் கட்டிக்கொண்டு நாளையிண்டைக்குப் புதன்கிழமை போங்கோ எண்டு அவையளே எல்லாம் வாங்கித் தந்தினம். சாம்பிராணி, கற்பூரம், வெள்ளைத்துணி... எட்டாம் நாளுக்கு எல்லாம் கிடக்கு.” பொட்டலத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். பிறகு மறுபடியும் முற்றத்தைப் பார்த்தார். பந்தல் கால் ஒன்றை அப்போதுதான் நிமிர்த்தினார்கள். “அப்ப ஏன் தம்பி இப்பதான்...?”

“அக்கா இண்டைக்கு விடியத்தான் அத்தான்.”

அவருக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். திரும்பச் சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையை ஆட்டித் தடுத்தார். பையையும் பொட்டலத்தையும் காலடியில் வைத்தார். சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் தந்தியை எடுத்தார். மடிப்பில் மடிப்பாகச் சின்னதாக மடித்திருந்தார். வியர்வையில் ஊறி மடிப்பு வெளுத்துப்போயிருந்தது.

“வாசியும். தமிழிலை.”

வாசித்தேன். உங்கள் மனைவி உயிரோடு இருக்கிறா. உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறா. நீங்கள் இன்றைக்கே புறப்பட வேண்டும். அவ காத்திருப்பா.

“இவ்வளவும்தானோ எழுதினது? இதிலை இருக்கிறது இவ்வளவும்தானோ?”

“ஓம் அத்தான்.”

“எல்லாம் உண்மையா எழுதியிருக்கிறீர்” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். கிடங்கு கிண்டியவர்கள் அலவாங்கை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். அத்தான் மெதுவாகக் கேட்டார், “என்னை என்னத்துக்குக் கேட்டவ?”

சொல்ல வேண்டியது என் பொறுப்பாகிவிட்டது. “தீபாவளிக்கு வந்திட்டுப் போகேக்கை நீங்கள் மூண்டு தரம் கூப்பிட்டனீங்களாம். அவவுக்குக் கேட்டதாம். கேட்டும் வராமல் இருந்தவவாம். அதை உங்களிட்டைச் சொல்லவேணுமெண்டுதான்.”

“எனக்குத் தெரியும்” என்றார் அத்தான். “அடுப்பிலை புகை இல்லை. சும்மாதான் ஊதிக்கொண்டிருந்தவ.”

அதன் பிறகு அவர் குனிந்து சாக்குப் பையையும் பொட்டலத்தையும் எடுத்தார். உள்ளே வரப்போகிறார் என்று நான் வழி விட்டேன். அவர் உள்ளே வைத்திருந்த காலையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போனார். எதிர் வேலியோரம், பூவரச மரத்தடியில், இரண்டையும் இறக்கி வைத்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்தார். திரும்பி வந்து, திறந்தே கிடந்த படலையை வெளியே நின்றபடி இழுத்துச் சாத்தினார். பிறகு அதை மறுபடி திறந்து, வெறுங்கையோடு உள்ளே வந்து, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று, குசினிப் பக்கம் பார்த்து, “இஞ்சாரும்!” என்று கூப்பிட்டார்.